பெரியப்பா வாசலில் கும்பிட்ட கார்

“காரை வித்துடுங்கப்பா” என்றேன். இந்த வீட்டில் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள்.

அப்பாவின் ஜெர்மன் எஸ்யூவிக்கு வயது பதினாறு. காரைத் தூக்கி நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷனில் காற்று கசிந்து, விடியும்போது முன்பக்கம் தரையில் படுத்துக் கிடக்கும். எங்கள் அபார்ட்மென்ட்டில் யாரும் பார்ப்பதற்குள் அப்பா போய் ஸ்டார்ட் செய்து, அது எழும்பும்வரை குளிரில் நிற்பார். போன வருடம் கியர்பாக்ஸ், அதற்கு முன் வாட்டர் பம்ப். இரண்டுக்கும் என் சம்பளம்தான் போனது.

“சஸ்பென்ஷனை மாத்த இன்னும் நாப்பது லட்சம் வோன் குடுத்தா போதும்மா. சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு உங்க பெரியப்பா வீட்டுக்கு நான் பஸ்ல போய் இறங்கவா?” என்றார் அப்பா.

“போன சூசொக்குக்கு அவர் வாசல்லயே படுத்துடுச்சே. ‘தம்பியோட கார்கூட என்னை விழுந்து கும்பிடுது’ன்னு பெரியப்பா சிரிச்சாரே, மறந்துட்டீங்களா?”

“யூன்சோல், வாயை மூடுடி” என்றாள் அம்மா.

அப்பா தலை நிமிரவில்லை. “இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?”

“படிக்க வச்சது பேங்க் கடன்பா. அதையும் நான்தான் கட்டுறேன்.”

அவர் கேட்ட நாற்பது லட்சமும் அலுவலகம் பக்கத்தில் ஓர் அறை எடுக்க நான் சேர்த்தது. நேற்றே அதை அந்த அறையின் சொந்தக்காரரிடம் முன்பணமாகக் கட்டிவிட்டேன். அதையும் சொன்னேன். மேலே சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே கார் படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.