ஒன்பதாவது வாரப் பாடம்

ஹாம் தே-சிக்கின் முகத்தை நான் வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை மூன்று மணிக்கு, எங்கள் மக்குக்சு நூடுல்ஸ் கடையின் கடைசி மேசையில் வைத்துப் பார்க்கிறேன். மதியக் கூட்டம் கலைந்ததும் நூடுல்ஸ் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையில் பூண்டு வாசனை போவதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். திரையில் ஒன்பது சதுரங்கள். எட்டுப் பேர் மாணவர்கள், ஒன்பதாவது அவர். பின்னால் அலமாரி நிறைய படைக்காலத்துக் கேடயங்கள், பித்தளைத் தட்டுகள். நாங்கள் எட்டுப் பேரும் தலை குனிந்து வணக்கம் சொல்வோம். அவர் என்று மரியாதையாக எழுதுகிறேனே தவிர, மனசுக்குள் எனக்கு அவன்தான். ஆனாலும் எட்டுப் பேரில் அதிகமாகக் குனிவது நான்தான்.

படிப்பின் பெயர் போர், வரலாறு, ராஜதந்திரம். சியோலில் இருக்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் முதுகலை, இரண்டரை வருஷம். என்னோடு படிப்பவர்களில் ஒருவர் கடற்படை அதிகாரி, ஒருத்தி பத்திரிகைக்காரி, ஒருவன் சா என்கிற தரைப்படைக் கேப்டன். மற்றவர்கள் அரசாங்க ஆட்கள். ஐம்பத்திரண்டு வயதில், சொர்வோனில், எல்லைக் காவல் பட்டாளத்துக்கு நூடுல்ஸ் போடுகிற பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று முதல் வாரமே எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. கேப்டன் சா கொஞ்சம் வாய்விட்டே கேட்டான். உங்கள் கடைக்கு வந்தால் வகுப்புத் தோழனுக்கு முட்டை கூடுதலாக வைப்பீர்களா என்றான். வைக்கிறேன் தம்பி, வா என்றேன். வந்தால் அதில் எதைப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் பெயர் சோ உன்-ரே. என் வீட்டுக்காரர் பெயர் பியோ சாங்-குக். எங்கள் ஊரில் கல்யாணத்தால் பெண்ணின் குடும்பப்பெயர் மாறுவதில்லை என்பது எனக்கு அந்த இரண்டரை வருஷமும் பெரிய உதவியாக இருந்தது. மாணவர் பட்டியலில் சோ என்று பார்த்துவிட்டு ஹாம் தே-சிக் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பியோ என்று இருந்திருந்தால் அவர் கண் அங்கேயே நின்றிருக்கும்.

தொண்ணூற்றேழு நவம்பரில் ஹாம் இந்தப் பக்கத்து மலையில் ஒரு படைப்பிரிவுக்குக் கமாண்டர். என் வீட்டுக்காரர் அவருடைய தகவல் அறையில் ரேடியோ சார்ஜென்ட். அன்றைக்குச் சாயங்காலம் பனிமூட்டத்தில் ரோந்து போன ஏழு பேர் வழி தவறிக் கண்ணிவெடிப் பக்கம் இறங்கிவிட்டார்கள். நிற்பதா, திரும்புவதா என்று ரேடியோவில் கேட்டார்கள். நாற்பது நிமிடம் பதில் இல்லை. குளிர் தாங்காமல் அவர்களாகவே நகர்ந்தார்கள். மூன்றாவதாகப் போன யுன்-ஹோ என்கிற பையனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. விசாரணை நடந்தது. கமாண்டர் அறையிலேயே இருந்து உடனே உத்தரவு கொடுத்தார், ரேடியோ சார்ஜென்ட் தன் இடத்தில் இல்லாததால் உத்தரவு போய்ச் சேரவில்லை என்று எழுதினார்கள். ஹாம் கர்னலாகி ஓய்வு பெற்றார். என் வீட்டுக்காரரைச் சீருடையைக் கழற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாசம், வோன்ஜுவில் அம்மா வீட்டில் இருந்தேன். வந்து பார்த்தபோது மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் ரேடியோவை விட்டு எழுந்திருக்கவே இல்லை, மூன்று தடவை கமாண்டரைக் கூப்பிட்டேன், ஆள் இல்லை என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இருபத்தேழு வருஷம் வாழ்ந்தேன். அவருடைய அண்ணன்மார் புத்தாண்டுச் சாப்பாட்டில் ஜாடையாகப் பேசும்போது சூப்புக் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தவள் நான். மகள் போராம் படித்த பள்ளிக்கூடத்தில் எவனோ அவளை அப்பா பெயரைச் சொல்லிக் கேலி செய்தான் என்று அவன் வீட்டு வாசலில் போய்க் கத்தியவளும் நான்தான்.

நான் படிப்பில் சேர்ந்ததும், அதுவும் ஹாம் பாடம் எடுக்கிறார் என்பதற்காகவே சேர்ந்தேன் என்று தெரிந்ததும், வீட்டில் பெரிய ரகளை. எதுக்கு இப்ப பழசக் கிளறுற, வேற வேலை இல்லையா என்றார் வீட்டுக்காரர். சார்ஜரைப் பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் போட்டார். நான் இன்னொன்று வாங்கினேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை மூன்று மணியானால் கொல்லைப்புறம் போய்விடுவார், அந்தக் குரல் காதில் விழக்கூடாது என்று. கோழை என்று நினைத்துக்கொண்டேன். சொல்லியும் இருக்கிறேன், முகத்துக்கு நேராக.

படிப்பு பிடிக்காது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பிடித்துத் தொலைத்தது. போரின் நடுவே ஐம்பத்தொன்றில் சமாதானம் பேச உட்கார்ந்தவர்கள் யார் நாற்காலி உயரம், யார் கொடி உயரம் என்று முறைத்துக்கொண்டதையெல்லாம் வாசித்தபோது, என் மாமியார் வீட்டுப் பந்தியைப் பற்றி யாரோ எழுதியது மாதிரி இருந்தது. ஹாம் நன்றாகவே பாடம் எடுத்தார் என்பதுதான் கூடுதல் எரிச்சல். கட்டுரைகளை ஒரு வரி விடாமல் படித்துத் திருத்துவார். என் கட்டுரை ஒன்றின் ஓரத்தில் 'கூர்மை' என்று எழுதியிருந்தார். அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன், அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசிப் பருவத்தின் ஒன்பதாவது வாரம், தகவல் தொடர்பு முறிவு என்று தலைப்புப் போட்டு அந்த மலையைத் திரையில் காட்டினார். பெயர்கள் சொல்லவில்லை. ஒரு சார்ஜென்ட், ஒரு கமாண்டர். கமாண்டர் ஆறு நாற்பதுக்கு அறையில் இருந்தார், நிலைமையைக் கையில் எடுத்தார், ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தது என்று அமைதியாகச் சொன்னார். இது அடுத்த வருஷம் பாடப்புத்தகத்தில் வரப்போகிறது என்றும் சொன்னார். பத்திரிகைக்காரி குறிப்பெடுத்தாள். கேப்டன் சா, அந்த மாதிரி சார்ஜென்ட்டைச் சுட்டிருக்க வேண்டும் என்று தமாஷ் பண்ணினான். நான் மேசைக்கடியில் ஏப்ரன் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் இதே வாயால், இந்தத் திரையில், நான் அங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், பட்டம் வேண்டாம்.

அதற்கான ஆயுதம் என்னிடம் இருந்தது. வசந்த காலத்தில் ஆற்றங்கரை மீன்குழம்புக் கடையை மூடினார்கள். பழைய நாற்காலிகள் எடுத்துக்கொண்டு வரப் போனபோது, சுவரிலிருந்து கழற்றிய படங்கள் ஒரு பெட்டியில் குப்பைக்குக் காத்திருந்தன. அதில் ஒன்றில் ஹாம் தே-சிக் நடுவில் உட்கார்ந்து முகம் சிவக்கச் சோஜுச் சாராயக் கோப்பையைத் தூக்கியிருக்கிறார். இரண்டு பக்கமும் மாவட்ட அலுவலகத்து ஆட்கள் இருவர். கடைக்கார அம்மா கொதிக்கிற சட்டியோடு குனிந்து சிரிக்கிறாள். படத்தின் மூலையில் அந்தக் காலத்துக் கேமரா போடும் ஆரஞ்சு எண்கள்: பதினான்காம் தேதி, மணி பதினெட்டு ஐம்பத்திரண்டு, அதாவது சாயங்காலம் ஆறு ஐம்பத்திரண்டு. பின்பக்கம் பேனாவால் வருஷமும் மாசமும். யுன்-ஹோவின் கால் போனது அன்றைக்கு ஏழு பதினைந்துக்கு. அந்தப் படத்தை வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, இந்தா, இதுக்குத்தான் படிச்சேன் என்று அவர் முன்னால் போட வேண்டும் என்று ஆறு மாசமாகக் காத்திருந்தேன்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை எனக்கு இறுதிக் கட்டுரை வாசிப்பு. கிம்ச்சி போடுகிற சமயம். எண்பது முட்டைக்கோஸ் உப்பில் கிடந்தன. காலையிலிருந்து மழை. கொல்லையில் உட்கார முடியாமல் வீட்டுக்காரர் முட்டைக்கோஸ் தொட்டிகளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டார். முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டு இலை இலையாக மிளகாய் விழுது தடவிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தேன்.

ஒரு சம்பவம், மூன்று சாட்சியங்கள் என்று தலைப்பு. முதலாவது படையின் அறிக்கை. இரண்டாவது பேராசிரியரின் ஒன்பதாவது வாரப் பாடம். அதுவரை ஹாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவதாகப் படத்தைப் போட்டேன். எட்டுச் சதுரங்களும் அசையாமல் நின்றன. இணைப்பு போய்விட்டதோ என்று கூட நினைத்தேன்.

ஹாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் காலத்து கேமராவுல கடிகாரத்த யாரு சரியா வெச்சாங்க, சோ மேடம்?"

"பின்னால செவுத்துல கடிகாரம் இருக்கு சார். உங்க தலைக்கு மேல. அதுவும் ஏழாக எட்டு நிமிஷம்தான் காட்டுது."

உங்க தலைக்கு மேல என்று சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். பத்திரிகைக்காரி கேமராவுக்கு மிக அருகில் குனிந்தாள். கேப்டன் சா முகத்தில் சிரிப்பைக் காணோம்.

ஹாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் மாறவே இல்லை. "நல்லா படிச்சிருக்கீங்க. நான் அங்க இருந்தேன்னே வெச்சுக்குவோம். ஆனா ஒண்ண விட்டுட்டீங்க. ஒரு சான்று கைக்கு வந்தா மொதல்ல என்ன கேக்கணும்? இந்தப் படத்த எடுத்தது யாரு?"

"கடைக்கார அம்மா."

"அவங்கதான் சட்டியோட படத்துலயே நிக்கறாங்களே."

நான் படத்தைப் பார்த்தேன். ஆறு மாசமாகத் தினமும் பார்த்த படம். ஹாமின் சிவந்த முகம், கோப்பை, எண்கள், கடிகாரம். அவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு பார்க்கிற அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றிருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் ஹாம். "சொல்லட்டுமா? சொன்னா உங்க கட்டுரையில வர்ற அந்த அப்பாவி சார்ஜென்ட் கதை நிக்காது. யோசிச்சுச் சொல்லுங்க. உங்க மதிப்பெண்ண நான் குறைக்கப் போறதில்ல."

சொல்லுங்க சார் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் திரைச்சீலை விலகியது.

"நான்தான் எடுத்தேன்."

வீட்டுக்காரர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சின்னச் சதுரத்தில் என் தலைக்கு மேல் அவருடைய மார்பும் முகமும் தெரிந்தன. ஹாம் முன்னால் சாய்ந்தார். இருபத்தேழு வருஷத்து வழுக்கையையும் சுருக்கத்தையும் தாண்டி ஆளைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பியோ?" என்றார்.

"சார்ஜென்ட், பியோ, சாங்-குக்."

கடை அதிரக் கத்தினார். மேலதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதவியும் பெயரும் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும் என்று படையில் முதல் மாதமே அடித்துப் பழக்குவார்கள். கால் இரண்டும் சேர்ந்துவிட்டன. கையுறைக் கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. ரோஷமோ வெட்கமோ எதுவும் முகத்தில் இல்லை. உடம்பு அதுவாகச் செய்ததைப் பார்த்துக்கொண்டு உள்ளே ஓர் ஆள் நின்ற மாதிரி இருந்தது.

"நீ எங்கடா இங்க?" என்றார் ஹாம்.

"என் கடை, சார். இவ என் சம்சாரம், சார்."

ஹாம் என்னைப் பார்த்தார். இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். எனக்கு அதில் ஒரு திருப்தியும் இல்லை. நான் திரும்பி உட்கார்ந்தேன், திரைக்கு முதுகைக் காட்டி.

"அங்க இருந்தியா நீ?" என்று அவரைக் கேட்டேன்.

"வண்டி டிரைவர் லீவுல போயிருந்தான். என்னை ஓட்டச் சொன்னாரு. ஓட்டினேன்." என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னார். "சாப்பாட்டுக்கு நடுவுல ஒரு போட்டோ எடுடான்னாரு. எடுத்தேன்."

"ரேடியோல யாரு இருந்தா?"

"வந்து மூணு வாரம் ஆன பையன் ஒருத்தன்."

"மூணு தடவ கூப்பிட்டேன்னு எங்கிட்டச் சொன்னியே."

"அவன்தான் கூப்பிட்டான். மூணு தடவ. விசாரணைல அவன் சொன்னத நான் கேட்டேன். அதிகாரிங்க அத எழுதிக்கல. அதத்தான் உங்கிட்ட நான் செஞ்சதாச் சொன்னேன்."

எழுந்து அந்த லேப்டாப்பால் அவர் மண்டையில் போட வேண்டும் போலிருந்தது. போராமை நினைத்தேன். அவளுக்காக நான் கத்திய வாசலை நினைத்தேன். கால் போன பையனின் அம்மா, கடை திறந்த வருஷம், வாசலில் வந்து நின்று எங்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவளையும் ஹாம்தான் அனுப்பியிருப்பான் என்று வைதிருக்கிறேன். கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் கை இரண்டும் மடியில் கிடந்தன.

"இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம்," என்று என் முதுகுக்குப் பின்னால் ஹாமின் குரல் கேட்டது. "கட்டுரைக்கான கருத்த எழுத்துல அனுப்பறேன்." திரும்பிப் பார்ப்பதற்குள் அவருடைய சதுரம் கறுப்பாகி, பிறகு இல்லாமலே போனது. மற்ற ஏழு பேரும் கிளம்பவில்லை. கேப்டன் சா மட்டும், ஏனென்று தெரியவில்லை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்காரர் அப்படியே நின்றார். மோவாய் உயர்ந்து, கண் ஹாம் இருந்த இடத்தில் குத்தி, குதிகால்கள் சேர்ந்து. ஓய்வாக நில் என்று ஒருத்தர் சொன்னால்தான் அந்த உடம்பு இறங்கும். அந்தச் சொல்லும் அதைச் சொல்லும் விதமும் எனக்கு மனப்பாடம், இந்தக் கடையில் வந்து விளையாட்டுக்குக் கத்தாத பட்டாளத்துப் பையன் இல்லை. நான் சொல்லவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. அவர் கையுறை விரல்களிலிருந்து சிவப்புத் தண்ணீர் சொட்டி, கால்சட்டை ஓரமாக வழிந்து, நான் காலையில் துடைத்த தரையில் இரண்டு குட்டையாகத் தேங்க ஆரம்பித்தது.