ஆம்பூர்–கொழும்பு பன்னாட்டு நிறுவனத்தின் ஆய்வுக் கூட்டம்

தபரேஸ் பாயின் பிரியாணி நிறுவனத்துக்கு மொத்தம் இரண்டு கடைகள். ஒன்று ஆம்பூர் பஜாரில், இன்னொன்று கொழும்பு வெள்ளவத்தையில். இரண்டும் வெவ்வேறு நாடுகளில் இருப்பதால் இது பன்னாட்டு நிறுவனம், அவர் சேர்மன். ‘பாய்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வார்.

மாதம் ஒரு சனிக்கிழமை காலை உலகளாவிய ஆய்வுக் கூட்டம். இடம், கல்லாவுக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளை ஓரங்கட்டிய அறை. சேர்மன் கோட்டு போட்டிருப்பார். போன் கேமராவுக்குத் தெரியாத பாகத்தில் லுங்கி. கணக்கு எழுதும் சங்கீதா குறிப்பெடுப்பாள். அவளுக்குப் புரிய வேண்டுமென்று கூட்டம் உருதுவில் இல்லாமல் தமிழில் நடக்கும். இயக்குநர் என்ற முறையில் மனைவி அக்தரி பேகம் கலந்துகொண்டு பூண்டு உரிப்பார். கொழும்புக் கடையை நடத்தும் தம்பி தானிஷ் போன் திரையில் வருவான்.

இந்த மாதம் சேர்மன் ஒரு முடிவோடு வந்திருந்தார். கொழும்புக் கடையை மூடிவிட்டுத் தம்பியை ஊருக்குக் கூப்பிட்டுவிடுவது.

“மேக்ரோ எகனாமிக்ஸ் சரியில்ல தானிஷ்,” என்று ஆரம்பித்தார். “அங்க டாலர் கையிருப்பு இல்ல. கேஸ் இல்ல. ஜனம் பெட்ரோலுக்கு லைன்ல நிக்குது.”

“பாய்ஜான், அது மூணு வருஷம் முன்னாடி.”

“எகனாமிக்ஸ்ல பழசு புதுசுன்னு கிடையாது.”

“இப்ப விலைவாசி அடங்கிடுச்சு. டூரிஸ்ட்டு வர்றான். மதியானம் உக்கார எடம் இல்ல. இப்பவே ஆளுங்க வந்துட்டாங்க, தேக்சா தெறக்கட்டுமா?”

தம் போட்ட பிரியாணி அண்டாவை அவர்கள் தேக்சா என்பார்கள்; அதன் மூடியை, வீட்டில் மூத்தவர் பிஸ்மில்லா சொல்லாமல் அந்தக் குடும்பத்தில் யாரும் திறப்பதில்லை. தானிஷ் கடலைத் தாண்டிப் போன பிறகும் தினமும் போனில் கேட்டுவிட்டுத்தான் திறப்பான்.

“இரு, மீட்டிங் முடியட்டும். எந்த நாட்டுல டிமாண்ட் கம்மியோ, அந்த நாட்டுக் கடைய மூடணும். கம்பெனி பாலிசி. எழுதிக்கோ சங்கீதா.”

சங்கீதா எழுதினாள்.

அக்தரி பேகம் தலை நிமிராமல், “அப்போ ஆம்பூரத்தான் மூடணும்,” என்றார்.

அமெரிக்கா வரியை ஏற்றியதிலிருந்து ஊரின் தோல் ஷூ கம்பெனிகளில் ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் நின்றிருந்தது. சம்பளச் சனிக்கிழமையில் குடும்பத்தோடு வந்து ஆளுக்கொரு பிளேட் சாப்பிட்டவர்கள், இப்போது ஒரே ஒரு பார்சல் வாங்கிக்கொண்டு, தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் மட்டும் ஜாஸ்தி கேட்டார்கள். ஆம்பூர் அடுப்பில் ஏறுவது இப்போது சின்ன தேக்சாதான்.

“அது சீசன்,” என்றார் சேர்மன்.

“இன்னா சீசன்? மாம்பழ சீசனா?”

தானிஷ் சிரித்துவிட்டான். “பாலிசிப்படி மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. பாய்ஜான், தேக்சா! சோறு குழைஞ்சிடும்.”

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: “தம்பி, சாப்பாடு வருமோ, வராதோ?”

சேர்மன் கோட்டுப் பொத்தானைத் திருகினார். “கேஸுக்கு லைன்ல நின்னேன்னு ஒரு போட்டோ அனுப்பினியே. கன்னமெல்லாம் ஒட்டிப் போயி. அதப் பாத்ததுலேந்து எனக்கு இங்க சோறு எறங்கல. நீ வந்துடுடா.”

மேக்ரோ எகனாமிக்ஸில் இப்படி ஒரு பிரிவு இருப்பது அன்றுதான் கூட்டத்துக்குத் தெரிந்தது. சங்கீதா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“அப்பவே நான் கடைய மூடல பாய்ஜான்,” என்றான் தானிஷ் மெதுவாக. “அந்த லைன்ல கூட நின்னவங்கதான் இப்ப இங்க சாப்பிட வர்றாங்க. இவங்கள விட்டுட்டு நான் எப்படி வர்றது?”

சேர்மன் போனை முகத்துக்கு அருகே இழுத்தார். பிறகு, “பிஸ்மில்லா. தெற,” என்றார். ஆவி எழும்பித் தம்பியின் முகத்தை மறைத்தது.

சங்கீதா பேனாவை எடுத்தாள். “சார், தீர்மானம் இன்னான்னு எழுதட்டும்?”

“எழுது.” சேர்மன் தொண்டையைச் செருமினார். “கொழும்பின் பொருளாதார நிலைமையை நேரில் ஆராய சேர்மன் செல்கிறார்.”

“எத்தினி நாளைக்கு சார்?”

“நிலைமை சீராகிற வரைக்கும்.”

“ரெண்டு டிக்கெட்டுன்னு எழுதும்மா,” என்றார் அக்தரி பேகம். “அவர் எகனாமிக்ஸ் பாக்கட்டும். நான் என் கொழுந்தனுக்கு ஒரு பொண்ணு பாத்துட்டு வர்றேன்.”

கொழும்பில் திடீரென்று நெட்வொர்க் போய்விட்டது.