கோட்டின் பின்பக்கம்

அப்பாவின் விறைத்துப்போன வலது கையைக் கோட்டுக்குள் நுழைக்க அவள் படாதபாடு பட்டாள். ஒருவழியாக நுழைந்தது. பொத்தானைப் போட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போன வருஷம் கச்சிதமாக இருந்த கோட்டுக்குள் இப்போது இன்னோர் ஆள் நுழையலாம். நோய் அவரை அப்படி உருக்கியிருந்தது.

“கடை ஆளுங்க எல்லாரும் வருவாங்கம்மா. இப்படியா அப்பாவைக் காட்டுறது?”

கால்மாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

கடை என்றால் சாதாரணக் கடையா? ஒற்றை அறையில் தொப்பி விற்கத் தொடங்கி, ஊருக்கு ஊர் மாடி மாடியாக எழும்பி, வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், பட்டு, பீங்கான் என்று பணக்காரர்கள் கேட்பதையெல்லாம் விற்ற கடை. எந்தக் கிளை திறந்தாலும் வாசல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிட அப்பாதான் போகவேண்டும். இவள் பிறந்த அன்றும் ஏதோ ஒரு கிளையில்தான் இருந்தார். “அந்தப் பொம்மைங்களுக்குத்தான் உங்கப்பா புருஷன். நான் சும்மா பேருக்கு” என்று அம்மா வாய்க்கு வாய் சொல்வாள்.

ஊசி மாமா வந்தார். அப்பாவிடம் தொழில் பழகியவர். வாயில் எப்போதும் குண்டூசி கடித்திருப்பதால் அந்தப் பெயர். கோட்டை ஒரு பார்வை பார்த்தார்.

“தள்ளிக்கோ கண்ணு.”

அப்பாவை ஒருக்களித்துச் சாய்த்து, முதுகுப் பக்கத்துத் துணியைக் கொத்தாகப் பிடித்து வரிசையாகக் குண்டூசிகளைக் குத்தினார். நிமிர்த்திப் படுக்கவைத்தபோது கோட்டு அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது.

“முன்னால அழகா இருந்தாப் போதும், பின்னால எவன் பாக்கப்போறான்? உங்கப்பா சொல்லிக்குடுத்ததுதான்” என்றார்.

கடை ஆட்கள் வந்தார்கள். “ராஜாவாட்டம் இருக்காரு” என்றார்கள். அவளுக்கு அந்தத் துக்கத்திலும் பெருமையாக இருந்தது.

சவப்பெட்டியை மூட ஆள் வந்தபோதுதான் அம்மா எழுந்தாள்.

“அந்த ஊசியெல்லாம் எடுத்துடுடி.”

“எடுத்தா தொளதொளன்னு ஆயிடும்மா. எல்லாரும் பாத்துட்டிருக்காங்க.”

“பாக்கட்டும். பொம்மையா அவரு? முதுகுல குத்தும்டி.”

அவள் அப்பாவின் முதுகுக்கடியில் கைவிட்டாள். ஊசி மாமா வந்து தோளைத் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொன்றாக உருவ உருவ, கோட்டு தளர்ந்து அப்பாவின் நெஞ்சின் மேல் சுருங்கி விழுந்தது.

“ஆச்சும்மா.”

அம்மா நம்பவில்லை. தானே கையைவிட்டு, தோளிலிருந்து இடுப்புவரை நிதானமாகத் தடவிப் பார்த்தாள். பிறகு, “மூடுங்க” என்றாள்.