கேடயத்தைத் தொடாத ஆராய்ச்சி

உலகப் போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பம்பாய் மாதுங்கா திருவேங்கடத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய போர் ஒன்று தேவைப்பட்டது. அவர் ரேஷன் ஆபீஸ் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சரித்திர ஆராய்ச்சியாளர். பழங்காலத்துத் தோல் கேடயம் அம்பைத் தாங்கியதா என்று ஏட்டைப் புரட்டினால் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. செய்வதற்குத் தாராவியில் தோல் தைக்கிற அய்யாத்துரை இருந்தான். பார்ப்பதற்கு அவர் இருந்தார்.

அய்யாத்துரைக்கு மறுக்க வழியில்லை. ஊரிலிருந்து வந்து ஆறு மாதமாகியும் பெண்டாட்டி பேராச்சியின் பெயர் ரேஷன் கார்டில் ஏறவில்லை. ஒருத்தன் அரிசியை இரண்டு பேர் தின்றுகொண்டிருந்தார்கள். விண்ணப்பம் திருவேங்கடத்தின் மேஜையில்தான் தூங்கியது. அதைக்கூட அவர் கையில் வாங்கவில்லை. கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் பட்டறை வாசலில் மூக்கைப் பொத்தியபடி நின்று, கேடயத்தின் படத்தைக் காட்டினார்.

“பச்சத் தோலு வச்சித் தைக்கணும் சாமி. வெயில்ல காஞ்சா பலக மாரி நிக்கும்,” என்றான் அய்யாத்துரை. “பதம் போட்ட தோல அம்பு பொத்துக்கிட்டுப் போயிரும்.”

“பச்சைத் தோல் நாறும்டா. ஞாயித்துக்கிழமை அதுமேல அம்பு விட்டுக் காட்டப்போறேன், பாக்க வரவாள்லாம் பெரிய மனுஷா. நன்னாப் பதம் போட்டு, பாலிஷ் பண்ணிக் கொண்டா.”

“அத ஆரு புடிக்கப் போறது?”

“நான் தோலைத் தொட முடியுமோ? நீதான்.”

அவர் காலில் கிடந்த செருப்பும் கைக்கடிகாரத்து வாரும் வாழைநாரில் செய்தவை போலிருக்கிறது.

அன்று முழுக்க அய்யாத்துரை தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது போனால் பிழைப்பே போச்சு. அவனுக்குப் பயமாக இருந்தது. கடைசியில் பளபளப்பான இரண்டு தோலுக்கு நடுவே காய்ந்த பச்சை எருமைத் தோலை வைத்து, வெளியே தெரியாமல் தைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் சரித்திர சங்கத்துப் பெரியவர்கள் எட்டுப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். திருவேங்கடத்தின் ஆபீஸ் சிநேகிதர் நாணு வில்லை வளைத்தார். முதல் அம்பு புல்லில் செருகியது. இரண்டாவது சங்கத் தலைவரின் குடையைக் கிழித்தது. மூன்றாவது கேடயத்தில் மோதியது. கண்ணை இறுக மூடியிருந்த அய்யாத்துரை, கை இருக்கிறதா என்று விரலை அசைத்துப் பார்த்தான். இருந்தது. முனை மடங்கிய அம்பு கீழே கிடந்தது.

எல்லோரும் திருவேங்கடத்தின் கையைக் குலுக்கினார்கள். முன்னோர் பதமிட்ட தோலைக்கொண்டே போர்களை வென்றார்கள் என்று அவர் கட்டுரை அச்சில் ஏறியது. கேடயம் சங்கத்துச் சுவரில் ஏறியது. பேராச்சியின் பெயர் மட்டும் எங்கும் ஏறவில்லை.

ஆனி மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் கழித்துத் திருவேங்கடம் குடையும் கையுமாகப் பட்டறைக்கு ஓடிவந்தார்.

“உள்ளே என்னடா வச்சுத் தச்சே? எலி செத்துக் கிடக்குன்னு சங்கத்துல எல்லாரும் தேடிண்டிருக்கா.”

“பச்சத் தோலு சாமி. ஈரம் பட்டா நாறத்தான செய்யும்.”

திருவேங்கடம் தோல் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “அன்னிக்கே சொல்லப்படாதோ? அத்தனையும் அச்சாயிடுத்தே.”

“ஒருக்கா கையில தூக்கிப் பாத்திருந்தா கனத்துலயே தெரிஞ்சிருக்கும்.”

“வெளில சொல்லிடாதேடா,” என்றார் அவர், குரல் இறங்கி.

அய்யாத்துரை கையைத் துடைக்கவில்லை. தோல் பிசுக்கோடு ரேஷன் கார்டை எடுத்து நீட்டினான். கீழே வைக்கவில்லை. திருவேங்கடம் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.