இருபத்துநான்கு துண்டுகள்

முப்பத்தாறு நாட்களில் அண்ணனுக்கு முப்பத்தாறு புகைப்படங்கள் போயிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே காட்சி: நீலக் குடை பிடித்த பெண், பக்கத்தில் ஒரு நாய். இருபத்துநான்கு மரத்துண்டுகளைச் சேர்த்தால் வரும் படம். அம்மாவின் மறதி நோய்க்கு மருந்தோடு விளையாட்டும் வேண்டும் என்று மருத்துவமனைப் பயிற்சிக்காரம்மா கொடுத்தனுப்பியது.

ஒவ்வொரு புகைப்படத்தின் கீழும் ‘அம்மா அடுக்கிய நேரம்’ என்று தங்கை எழுதுவாள். முதல் நாள் ஐம்பது நிமிடம். நேற்று பத்தொன்பது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அறிக்கையில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலும் தூக்கம் வராது. அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே போனை வைத்துவிடும் அண்ணன், முதல் படம் போன அன்றுதான் சிரித்தான்.

இன்றும் துண்டுகளை மேசையில் கொட்டினாள். அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"நமுத்துப் போச்சுடி. டப்பாவை மூடி வைன்னா கேக்குறியா?"

"பிஸ்கட் இல்லம்மா. நாய்க்கு வால் எங்கன்னு தேடுங்க."

"பின்னாடிதான் இருக்கும். இதுகூடத் தெரியாமலா உன்னைப் படிக்க வெச்சேன்?"

இருவரும் சிரித்தார்கள். அம்மா நான்கு துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். "பெரியவன் ஸ்கூல்லேருந்து பசியோட வருவான்."

கைபேசி அடித்தது. பெரியவன்தான்.

"குட்டி, பத்தொன்பது நிமிஷமா! அம்மா என்னையே தோக்கடிச்சிருவாங்க போலிருக்கே. கேளு, அடுத்த வாரம் வர்றதைத் தள்ளி வெக்கலாம்னு பாக்குறேன். இங்க வேலை தலைக்கு மேல கெடக்கு. அம்மாதான் தேறிட்டு வர்றாங்களே. வருஷக் கடைசியில வந்து நிதானமா இருக்கேன்."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். முகங்கள் ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருக்கின்றன, பார்க்க வேண்டியவர்கள் சீக்கிரம் வரட்டும் என்று டாக்டர் சொல்லி நான்கு நாள்தான் ஆகிறது. எப்படியும் வரப்போகிறானே என்று அதை அவனிடம் சொல்லவில்லை.

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா, நான்தாம்மா."

"வீட்ல யாரும் இல்லீங்க. பையன் ஸ்கூலுக்குப் போயிருக்கான். அப்புறம் பேசுங்க."

மறுமுனையில் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தியா, கிண்டலெல்லாம் பழையபடி வந்துருச்சு!"

தங்கை மேசையைப் பார்த்தாள். கொட்டியது கொட்டியபடி கிடந்தது.

"டிக்கெட்டை மாத்தாதண்ணா."

"ஏன், என்னாச்சு?"

"நேரமெல்லாம் நானா போட்டது. அம்மா ஒரு துண்டுகூட வைக்கலண்ணா. முப்பத்தாறு நாளும் அடுக்கினது நான்."