கை நனைக்க வராதவர்கள்

நான் பாலை விட்டுச் சில வருஷம் ஆகிறது. இதுவரை எந்த மாடும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. மனுஷர்கள்தான் கேட்டுத் தீர்க்கிறார்கள்.

காப்பிக்கு என்ன செய்வாய்? கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி. தயிர்? கிடையாது. முட்டையுமா? முட்டையும்தான். கடைசியில் ஒன்று வரும். "அக்ரஹாரத்துலயே மோர் உண்டே, நீ அவியளுக்கும் மேலயா?" எங்கள் சபையில் இதைக் கேட்காத ஆள் இல்லை. ஏதோ தான்தான் முதலில் யோசித்துச் சொன்னது போல ஒவ்வொருவரும் ஒரு சிரிப்பு வேறு சிரிப்பார்கள்.

அடுத்தது சத்து. "சத்துக்கு என்ன பண்ணுவ யூனிஸு?" இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க என்னிடம்தான் கையை நீட்டுகிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. விடிந்தும் விடியாமலும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பார்கள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெளியே போனதும் பால் டீயும் நெய் பிஸ்கட்டும். சத்து.

நான் விட்டதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. சீவலப்பேரியில் ஒரு வீட்டுக்குப் படுக்கையில் கிடந்த பெரியவருக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தேன். தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தார்கள். பசு தன் கன்றை நக்கிக்கொண்டே நின்றது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கன்றுக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் தையல். பசு பால் சுரக்க வேண்டுமே என்று, செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பாலில்தான் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள். குடிக்காமல் வந்துவிட்டேன். பால் முதலில் போனது. மீனும் முட்டையும் பைய அதன் பின்னால் போயின. நான் யாருக்கும் பிரசங்கம் பண்ணவில்லை. மற்றவர்கள்தான் எனக்குப் பண்ணுகிறார்கள்.

"உனக்கென்ன, நேரம் இருக்கு, செய்யுத" என்று வேறு சொல்வார்கள். எனக்கு எங்கே நேரம்? ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வாரத்துக்கு மாவு ஆட்டிவிடுவேன். தேங்காய் துருவி டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். எள்ளுப்பொடி, பருப்புப்பொடி ஒரே வறுப்பில் முடியும். காலையில் குக்கரில் அரிசி, பருப்பு, இருக்கிற காய், கொஞ்சம் முருங்கைக்கீரை, அரைத்த தேங்காய் எல்லாம் போட்டுக் கூட்டாஞ்சோறு ஏற்றினால், நான் சேலை கட்டி முடிப்பதற்குள் விசில் வந்துவிடும். சுண்டலுக்குப் பயறை ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போனால், சாயங்காலம் வந்து வேகவைத்துத் தாளிக்க வேண்டியதுதான். பயறு ஊறுவதற்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நேரம் இல்லை என்கிறவர்கள் கையில் போனைப் பாருங்கள், சூடாக இருக்கும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. சொதியை ஒரு ஆளுக்கு வைக்க முடியாது. பாசிப்பருப்பும் காயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது அது, கொஞ்சமாக வைத்தால் ருசி வராது. நிறைய வைத்தால் மூன்று நாளும் அதே சொதி. என் வீட்டுக்காரர் இறந்தபின் நான் தனியாக இருக்கிறேன். பிள்ளை இல்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

அது என் தம்பி மனைவி கரோலினுக்கு எப்படித் தெரிந்ததோ, ஒருநாள் சாயங்காலம் வந்து நின்றாள்.

"மைனி, ஒரு காரியம். கோவப்படாமக் கேளுங்க."

"கோவப்படுத காரியம்னு தெரிஞ்சே கொண்டு வாரியா?"

"ஹெப்ரான் அண்ணாச்சின்னு ஒருத்தர். சொந்த ஊரு சாத்தான்குளம். இங்கன மார்க்கெட்டுல இரும்புக்கட வச்சிருக்காவ. பொஞ்சாதி போயி ரெண்டு வருஷமாச்சு. மவன் துபாய்ல. குடி கிடையாது மைனி."

"குடிக்காதது ஒரு யோக்கியதையா?"

"இப்பம் அதான் யோக்கியத."

நான் இரண்டு காரியம் சொன்னேன். என் அடுக்களைக்குள் பாலும் மீனும் வராது, அவருக்கு வேண்டுமானால் வெளியே சாப்பிட்டுக்கொள்ளட்டும். லேப் வேலையை விட மாட்டேன். இதை அவர்களிடம் அப்படியே சொல்ல வேண்டும் என்றேன்.

மறு வாரம் வந்தாள். "சொல்லிட்டேன் மைனி. எல்லாத்துக்கும் சரின்னுட்டாவ."

"எல்லாத்துக்கும் சரின்னு சொல்லுத ஆளுவளத்தான் நம்பப்படாது."

"ஒங்களுக்கு எதச் சொன்னாலும் குத்தம்."

ஆனாலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். சனிக்கிழமை லேப் முடிந்து வந்து முந்திரிக்கொத்து சுட்டேன். ஞாயிறு காலையே சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்து, உருளைக்கிழங்கு வறுத்து வைத்தேன்.

ஆராதனை முடிந்த கையோடு வந்தார்கள். அவரும் அவர் அக்கா சாரம்மாளும், கூட்டிக்கொண்டு வந்த கரோலினும். சாரம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் கைப்பையை மடியில் நிறுத்திக்கொண்டு, "இந்தா பாரும்மா, நாங்க கை நனைக்க வரல. பேசத்தான் வந்திருக்கோம்" என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெண் வீட்டில் கை நனைத்தால், அதாவது சாப்பிட்டுவிட்டால், சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பேச்சு முடியும்வரை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத குடும்பங்கள் உண்டு. பின்வாங்குவதற்குக் கதவைத் திறந்து வைத்துக்கொள்கிற வழி அது. மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் அந்தக் கதவு. நான் முந்திரிக்கொத்துத் தட்டை வைத்தேன். சாரம்மாள் ஒரு விரலால் அதைத் தள்ளினாள்.

"லெந்து நோம்பு நாள் முடிஞ்சு எம்புட்டோ நாளாச்சு. நீ மட்டும் இன்னும் உபவாசத்த முடிக்கலையாம்லா?"

"உபவாசம் இல்லக்கா. என் சாப்பாடே இதுதான்."

"நெய் இல்லாம முந்திரிக்கொத்து எப்படி எறங்கும்?"

"முந்திரிக்கொத்துல யாரு நெய் ஊத்துதா? பயறு, கருப்பட்டி, தேங்கா, எள்ளு. கிறிஸ்மஸுக்கு ஒங்க வீட்டுல சுடுததும் வீகன்தான்."

"என்னது?"

"ஒண்ணும் இல்லக்கா."

கரோலின் என்னை முறைத்தாள். சாரம்மாள் விடவில்லை. "எங்க தம்பிக்கு மீன் இல்லாம சோறு எறங்காது."

"கரோலின் சொல்லியிருப்பாளே."

"சொன்னா. கல்யாணத்துக்குப் பொறவு எல்லாம் சரியாயிரும்."

எல்லாம் என்றால் நான். ஹெப்ரான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புக்கடைக்காரர், நல்ல உயரம், நரைத்த மீசை. அக்கா பேசும்போது மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி முழங்காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் தண்ணி" என்றார்.

"கார்ல பாட்டில் இருக்கு" என்றாள் அக்கா.

"அப்பம் மூஞ்சியக் கழுவிட்டு வாரேன்" என்று எழுந்து உள்ளே போனார். ஆள் திரும்பவில்லை. சாரம்மாள் தன் வீட்டில் எத்தனை அறை என்று கரோலினிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஒரு கையில் சொதிப் பாத்திரத்தின் மூடி, ஒரு கையில் கரண்டி. மீசையில் தேங்காய்ப்பால்.

"மணம் வந்துச்சு" என்றார். "காலையில ஒண்ணும் சாப்பிடல. கோயில்லேருந்து அப்படியே கூட்டிட்டு வந்துட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டில் சோறு போட்டு, சொதி ஊற்றி, துவையல் வைத்துக் கொடுத்தேன். கையால் பிசைந்து நின்றபடியே சாப்பிட்டார்.

"உக்காந்து சாப்பிடுங்க."

"அக்கா பாத்துருவா."

ஐம்பத்தைந்து வயது ஆள். ஆனாலும் அப்போது எனக்குப் பிடித்திருந்தது. இதில் என்ன இல்லை என்று கேட்காமல் என் பாத்திரத்திலிருந்து ஒருவர் சாப்பிட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

"நல்ல கைப்பக்குவம்" என்றார். "இந்தக் கை ஆட்டுக்கறி வச்சா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன்."

"நெனச்சுக்கிடுங்க."

"இல்ல, கடையில ஆறு பேரு வேல பாக்கானுவ. அவனுவளுக்குச் சமைக்க ஒரு பொம்பள வந்துட்டிருந்தா. மவ வீட்டோட போயிட்டா. ஓட்டல் சாப்பாடு அவனுவளுக்கு ஒத்துக்கிட மாட்டேங்கு. நீங்க லேப்புக்குப் போகலன்னா மத்தியானத்துக்கு அது ஒரு சௌரியம். இப்பம் மாதிரி இருட்டோட எந்திரிக்க வேண்டாம். பைய எந்திரிச்சாப் போதும்."

கடைசி வார்த்தையை ஒரு சலுகை மாதிரி சொன்னார். முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் மோசம். எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டு நின்றார்.

"வேலைய விட மாட்டேன்னு கரோலின் சொல்லலியா?"

"சொன்னா. முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவன்னு அக்கா சொன்னா."

அதற்குள் அக்காவே வாசலில் வந்து நின்றாள். தம்பியின் கையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முகம் செத்துப்போனது. அவ்வளவுதான், உடனே தெளிந்துவிட்டது. கதவு அடைபட்டது என்று தெரிந்ததும், உள்ளே இருப்பதை எல்லாம் தனக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

"கை நனைச்சிட்டான். இனிப் பேசுததுக்கு என்ன இருக்கு? கரோலின், குருவானவர்ட்ட சொல்லித் தேதி பாத்துரு."

"ஸ்தோத்திரம்" என்றாள் கரோலின்.

"யாரு பேச்சு முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அவன் சாப்பிட்டுட்டாம்லா."

"பசிச்சுது, சாப்பிட்டாரு. தெருவுல போறவன் பசிக்குன்னு நின்னாலும் போடுவேன். அவனையும் கட்டிக்கிடணுமா?"

"மைனி" என்று கரோலின் என் கையைப் பிடித்தாள்.

சாரம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்காரன் இல்லாத வீட்டு அடுக்களையில ஒரு ஆம்பள நின்னு சாப்பிட்டான்னு வெளிய தெரிஞ்சா, அசிங்கம் ஒனக்குத்தான்."

"தாராளமாச் சொல்லுங்கக்கா. யாரு கேக்காம வந்து மூடியத் தெறந்தான்னு கேட்டாவன்னா அதையும் சேத்துச் சொல்லுங்க."

ஹெப்ரான் தட்டோடு நின்றார். அவர் பக்கம் திரும்பினேன்.

"ஒங்களுக்கு வேண்டியது சமையல்காரி. சமையல்காரின்னா சம்பளம் கேப்பா, லீவு கேப்பா, பிடிக்கலன்னா மவ வீட்டுக்குப் போயிருவா. பொஞ்சாதின்னா அந்தத் தொல்ல இல்ல. அதானே?"

"அப்படியெல்லாம் சொல்லப்படாது" என்றார். தட்டில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. அதையும் சாப்பிட்டார்.

அவர்கள் போன பிறகு கரோலின் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டினாள். "நல்ல எடம் மைனி. இந்தப் பாலுக்கும் மீனுக்கும் போயி..."

"பாலுக்காக இல்லட்டி."

"பின்ன?"

"ஆறு பேருக்கு வெண்டைக்காய் வச்சுக் குடுன்னு கேட்டிருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பேன். இருட்டோட எந்திரிச்சு நான் சமைக்கது, வேலைக்கும் போணும், எனக்குப் பிடிச்சதையும் திங்கணும்னுதான். அந்த ரெண்டையும் அவியட்டக் குடுத்துட்டு எனக்கு என்னட்டி மிச்சம்? எதுக்க உக்காந்து சாப்பிடுவாருன்னு பாத்தா, அவரு அக்காவுக்குப் பயந்து நின்னுட்டே சாப்பிடுதாரு."

கரோலினுக்கு இது ஒரு பதிலாகவே தெரியவில்லை. ஆனால் பசி தெரிந்தது. கோபத்தோடே இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். சொதி தீர்ந்தது, துவையல் தீர்ந்தது. வாய்விட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் தன் கட்சி தோற்றுப்போகும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்திரிக்கொத்தை மட்டும் பிள்ளைகளுக்கு என்று பையில் அள்ளிக்கொண்டு போனாள்.

சபையில் கதை நான் நினைத்ததைவிட வேகமாகப் பரவியது. கடைசியில் அது, பாலும் மீனும் தர மாட்டேன் என்று சொல்லி நல்ல மனுஷனைப் பட்டினியாக அனுப்பிய கதையாக ஆகியிருந்தது. அவர் அடுக்களையில் நின்று சாப்பிட்ட சோற்றை யாரும் சொல்லவில்லை. திருத்தப் போகிற அளவுக்கு அவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை.

அடுத்த வாரம் லேப்பில் கூட்டமாக இருந்த நேரத்தில் போன் வந்தது.

"நான் ஹெப்ரான் பேசுதேன்."

"சொல்லுங்க."

"அந்தச் சொதி வச்சுப் பாத்தேன். திரிஞ்சு போச்சு."

"யாரு வச்சா?"

"நாந்தான். கடையில பின்னால அடுப்பு இருக்கு. அக்காவுக்குத் தெரியாது."

"முதப் பால எப்பம் ஊத்துனிய?"

"எல்லாப் பாலையும் ஒண்ணா ஊத்திட்டேன்."

"கட்டிப் பால் கடைசியில. ஊத்துன பொறவு கொதிக்க விடப்படாது."

"பையமாரு நல்லாருக்குன்னுதான் சொன்னானுவ."

"நீங்க மொதலாளி. வேற என்ன சொல்லுவானுவ?"

"தேங்கா துருவி கை வலிக்கு" என்றார்.

"வலிக்கும்."

"வார ஞாயித்துக்கிழம..."

"ஞாயித்துக்கிழம எனக்கு மாவாட்டணும்" என்று சொல்லிப் போனை வைத்தேன். எதிரே ஒரு அம்மா கையை மடித்துவிட்டுக்கொண்டு வெகு நேரமாகக் காத்திருந்தாள்.

ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனுஷன் சொதி வைக்கிறாராம். நான் பாவாடை கட்டுகிற வயதிலேயே வைத்தேன். யாருக்கும் போன் போட்டுச் சொல்லவில்லை.