சீசன் முடியட்டும்

கிதிர் முகம்மதின் பாஸ்போர்ட் ஆவுடைநாயகம் பிள்ளையின் இரும்புப் பெட்டிக்குள் போய் நாற்பது நாள் ஆகியிருந்தது.

கிதிருக்குக் கொழும்புத் துறைமுகத்தில் படகு மோட்டார் ரிப்பேர் செய்யும் பட்டறையில் வேலை. தென்காசியில் வாப்பா மௌத்தாகிவிட்டார் என்று தந்தி வந்ததும் மே மாதம் ஓடிவந்தவன். 1959 ஜூலை 31-க்குள் கப்பலேறித் திரும்பாவிட்டால் இலங்கைக்குள் விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் அப்படித்தான் முத்திரை அடித்திருந்தது. அவன் மனைவி ராபியா கொழும்பில் ஏழு மாதக் கர்ப்பிணி.

பிள்ளைக்குக் குற்றாலத்தில் குளக்கரையில் ஒரு பங்களா இருந்தது. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து அந்த வருஷம் ஒரு படகும் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கிப் போட்டிருந்தார். சுற்று வட்டாரத்தில் யாராலும் மோட்டாரைக் கிளப்ப முடியவில்லை. கிதிரைக் கூப்பிட்டார்கள். ஒரே காலையில் ஓட வைத்துவிட்டான்.

“டிக்கெட்டெல்லாம் திருநெல்வேலியில நம்ம ஆளு பாத்துக்கிடுவான். பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டுப் போ” என்றார் பிள்ளை. கொடுத்தான். அதன் பிறகு எப்போது கேட்டாலும், “சீசன் முடியட்டும்லே” என்பதுதான் பதில். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. சீசன் முடிய ஆவணி ஆகும். போலீசில் சொல்லலாம் என்றால், இன்ஸ்பெக்டர்தான் சனிக்கிழமைதோறும் குடும்பத்தோடு வந்து அந்தப் படகில் சவாரி போகிறவர்.

ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மோட்டாரைக் கழற்றி, பின்கட்டில் மரச்சட்டத்தில் நிமிர்த்தி மாட்டி, கியர் ஆயில் மாற்ற உட்கார்ந்தான் கிதிர். அடி ஸ்க்ரூவைத் திருகி எடுத்தான். மேல் ஸ்க்ரூவையும் தளர்த்தியதும் ஆயில் தகரத்தில் இறங்கியது. கறுப்பாக வரவேண்டியது, பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் வந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்தான். யாரோ விட்ட தூண்டில் நரம்பு தண்டில் இறுகச் சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருந்தது.

உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு வந்து நின்றார் பிள்ளை. “என்னலே, ஓடுமா ஓடாதா?”

ஓடாது என்றால் கொச்சியிலிருந்து சீல் வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும். அதுவரைக்கும் இரு என்பார். ஓடும் என்று மட்டும் சொல்லிவிட்டால், குளத்தின் நடுவில் கியர் பல் உடைந்து படகு நிற்கும். உள்ளே குழந்தைகள் இருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

“ஓடும் முதலாளி. ஆனா ஓட்டுத அன்னைக்கெல்லாம் சாயந்தரம் ஆயிலை மாத்தணும். இல்லேன்னா உள்ள பல்லு போயிரும்.”

பிள்ளை சிரித்தார். “பாத்தியா? நான் விட்டாலும் மோட்டாரு உன்னை விடாது போலிருக்கே.” சாவிக்கொத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு அருவிக்குக் கிளம்பினார். எண்ணெய்க் குளியல் முடிந்து திரும்ப இரண்டு மணி நேரமாவது ஆகும்.

கிதிர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். எத்தனை நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது பிள்ளையின் மனைவி அகிலாண்டேஸ்வரி எதிரே நின்றிருந்தாள். இந்த நாற்பது நாளில் அவனிடம் அவள் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசியதில்லை.

“இதுல எத்தனை ஸ்க்ரூ தம்பி?”

“ரெண்டுதாம்மா.”

“ரெண்டு ஸ்க்ரூவுக்கா ஒரு மனுசனைப் புடிச்சு வச்சிருக்காவ? நவுரு. சொல்லு, நான் செய்யுதேன்.”

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். புதிய ஆயிலை அடித் துளை வழியாகத்தான் கைப்பம்பால் ஏற்ற வேண்டும். மேல் துளையில் வழியும்போதுதான் உள்ளே காற்று இல்லாமல் நிறைந்ததாக அர்த்தம். பிறகு மேல் ஸ்க்ரூவை முதலில் மூட வேண்டும். அவள் அவசரத்தில் அடி ஸ்க்ரூவை முதலில் மாட்டப் போனாள்; ஏற்றிய ஆயில் ஒழுகியது.

“ஐயோ, மேலது மொதல்லம்மா! அதை மூடினாத்தான் கீழ பம்பை எடுத்தாலும் ஒழுகாது.”

“சரி, சரி. மறுபடி ஊத்துதேன்.”

இரண்டாம் தடவை தப்பில்லாமல் முடித்தாள். முழங்கை வரை ஆயில். அதைத் துடைக்காமலே சொன்னாள்: “திருவேங்கடத்துல எங்கம்மா செத்தப்ப இங்க விருந்தாளுக. சீசன் முடியட்டும்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு. பதினாறாம் நாளுதான் போனேன். முகத்தைப் பாக்கலை.”

உள்ளே போனவள் பாஸ்போர்ட்டோடு வந்தாள். அட்டையில் அவள் விரல்களின் ஆயில் பதிந்திருந்தது.

“அம்மா, அவுக உங்களை...”

“இங்கயேதான இருக்கப் போறேன். திட்டுவாரு, கேட்டுக்கிடுவேன். உனக்கு அந்தக் கப்பலை விட்டா வேற ஏது? நிக்காத. போ.”

தோட்டத்து வழியாக ரோட்டுக்கு ஓடினான். பஸ்ஸில் பிள்ளையின் கார் எதிரே வருமோ என்று தலையைக் குனிந்தே இருந்தான். தென்காசி ஸ்டேஷனில் செங்கோட்டையிலிருந்து வந்த வண்டியில் ஏறினான். மண்டபம் முகாமில், கப்பலேறும் முன், டாக்டர் சோதனைக்கு ஒரு நாள் நிறுத்திவைத்தார்கள். அங்கே ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தான். ஜூலை 29 அன்று தலைமன்னாரில் இறங்கினான். செப்டம்பரில் ராபியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பிள்ளை ஆள் விட்டுத் தேடவில்லை. ‘நான்தான் அனுப்பி வச்சேன்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் அவர் கைக்குத்தான் போகும் என்பதால், கிதிரால் ஒரு நன்றிக் கடிதம்கூடப் போட முடியவில்லை.

அடுத்த வருஷச் சாரலில் அவன் தங்கை ஜாஹிரா பீவி அருவிக்குப் போனபோது, பெண்கள் உடை மாற்றும் இடத்தில் அகிலாண்டேஸ்வரியைப் பார்த்தாள். அருகில் போய்த் தான் யாரென்று சொன்னாள்.

“அவனுக்கு என்ன பிள்ளை?” என்று கேட்டாள் அகிலாண்டேஸ்வரி.

“பொண்ணும்மா.”

அதற்குள் வெளியே கார் ஹாரன் அடித்தது. அகிலாண்டேஸ்வரி ஈரத் தலையை அப்படியே அள்ளி முடிந்துகொண்டு காரை நோக்கி நடந்தாள்.